அக்கரைக்கு நீந்திய அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் நலம்தானே? போன் செய்தால் கையில் மாவு ஒட்டியிருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். எந்த பேக்கரியில்டா எந்நேரமும் மாவு பிசைகிறார்கள்? அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்துவிட முடியாது பார்.

செப்டம்பரில் நம் ஏரியை நீந்திக் கடக்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதே. உன் மாமா சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறி, இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார். டிப்போவிலும் கேலிதான். இனிமேல் அக்கா பஸ்ஸை ஏரி வழியாகவே விட்டுவிடுவாள் என்கிறார்கள்.

நீந்துகிற ஒவ்வொருவர் பேரிலும் அவரவருக்குத் தெரிந்தவர்கள் நன்கொடை தருவார்கள். மொத்தமும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற விடுதிக்கு. வைத்தியத்துக்கு வருகிற பிள்ளைகளும் பெற்றவர்களும் காசில்லாமல் தங்குவார்களே, அதே விடுதி. கூரை ஒழுகி மேல்மாடியை மூடிவிட்டார்களாம். நீங்கள் மூன்று பேரும் இருந்த மாடி.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. தொப்பியில் உன் மகள் பெயரை, நம் வாலுவின் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா?

உன் அக்கா

ஏப்ரல் 21

அன்பு அக்காவுக்கு,

சிரிக்காதே என்று எழுதிவிட்டு மாமாவின் மூக்கைப் பற்றியும் எழுதினால் எப்படி? ரொட்டி அடுப்பின் முன்னால் நின்று தனியாகச் சிரித்தேன். முதலாளி ஒரு மாதிரி பார்த்தார். மழையில் நனைந்தால் தும்முகிறவள் நீ. ஜாக்கிரதை.

தாராளமாக நீந்து. என்னால் முடிந்ததை அனுப்புகிறேன். ஆனால் அவள் பெயர் வேண்டாம்.

அவள் போன பிறகு ஊரை விட்டு வந்ததே, யாரும் பாவம் என்று பார்க்கக் கூடாது என்றுதான். இங்கே பிள்ளைகள் உண்டா என்று கேட்டால் இல்லை என்கிறேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வீட்டிலும் நாங்கள் இருவரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. அப்படித்தான் நாள் ஓடுகிறது. அதை நீ கலைத்துவிடாதே, அக்கா.

உன் தம்பி

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

சரிடா. பெயர் இல்லை. வெறும் மஞ்சள் தொப்பிதான். முட்டை மஞ்சள் கரு தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கிறதாம். சொன்னது வேறு யார், உன் மாமாதான்.

பயிற்சி போய்க்கொண்டிருக்கிறது. முதல் நாள் ஏரியில் இறங்கினதும் குளிரில் மூச்சே நின்றுவிட்டது. கெட்ட வார்த்தை ஒன்று தானாக வந்தது. இப்போது பழகிவிட்டது. மதிய ஷிப்ட் மாற்றி வாங்கியிருக்கிறேன். காலையில் நீச்சல், அப்புறம் பஸ். ஸ்டியரிங்கைப் பிடித்தால் தோள் முணுமுணுக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு படகு வரும். அதில் படகோட்டியோடு நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரை நீட்டுவதும், முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவதும், இனி முடியாது என்று தெரிந்தால் தூக்கிவிடச் சொல்வதும் அவர் வேலை. உன் மாமாவை ஏற்றிப் பார்த்தோம். படகைக் கரையில் கட்டியிருக்கும்போதே வாந்தி எடுத்தார்.

நீ வருகிறாயா? என் முகத்தைப் பார்த்தால் பொய் எது, மெய் எது என்று உனக்குத்தானே தெரியும். எதைப் பற்றியும் பேச வேண்டாம். வந்தால் போதும்.

உன் அக்கா

ஜூன் 28

அன்பு அக்காவுக்கு,

வருகிறேன். ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். இவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஒரே நிபந்தனை. அந்த விடுதிப் பக்கம் மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே.

உன் தம்பி

செப்டம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ கிளம்பின அன்று உன்னோடு சரியாகப் பேசவில்லை. கோபம்தான். அக்கரையில் படுத்திருந்த நாய்கூடத் தெரிந்தது எனக்கு. அவ்வளவு கிட்டத்தில் தூக்கச் சொல்லிவிட்டாயே என்று இருந்தது. அப்புறம் படகோட்டி வீட்டுக்கு வந்து சொன்னார். என் உதடு நீலமாகிவிட்டதாம், கேட்டதற்கு உளறினேனாம். "உங்க தம்பி தூக்கச் சொல்லாட்டி நானே தூக்கியிருப்பேம்மா" என்றார். நீ செய்தது சரி. யாரும் நன்கொடையைத் திருப்பிக் கேட்கவில்லை. கூரை வேலை ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் எனக்கு வேறு ஒரு குறை.

பாதி ஏரியில் காற்று எழும்பினதே, ஞாபகம் இருக்கிறதா? அலை வாயில் அடித்தது. படகைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்று தெரிந்தும் கையை நீட்டினேன். "அக்கா, இன்னும் தொடல. கையை எடு" என்றாய். எடுத்தேன். உடனே நீ பேச ஆரம்பித்தாய். வாலுவைப் பற்றி. அவள் போனதிலிருந்து உன் வாயால் அவள் பேரை நான் கேட்டதே இல்லை.

காதில் அடைப்பான், மேலே தொப்பி. மூச்சுக்கு முகத்தைத் திருப்பும்போது மட்டும்தான் உன் குரல் கேட்டது. "விடுதியில எல்லாரையும்" என்றாய், தண்ணீர். "வாயைத் திறன்னு" என்றாய், தண்ணீர். அடுத்த வார்த்தைக்காகத்தான்டா அடுத்த கையைப் போட்டேன். அக்கரை மறந்தே போயிற்று.

அக்கரையைத் தொடாததற்கு நான் அழவில்லை. அந்தக் கதை என்ன ஆயிற்று? உனக்குக் கஷ்டம் என்றால் வேண்டாம். முடிந்தால் எழுது.

உன் அக்கா

அக்டோபர் 2

அன்பு அக்காவுக்கு,

விடுதியில் வாலுதான் டாக்டர். காலையில் என் சட்டையைக் கோட்டாக மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போவாள். பிள்ளைகளைப் பார்க்க மாட்டாள். அவர்களுக்கு நிஜ டாக்டர் இருக்கிறாராம். இவள் பார்ப்பது அப்பா அம்மாக்களை. நாக்கை நீட்டச் சொல்வாள். ராத்திரி தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். சாப்பிடவில்லை என்றால் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து வாயைத் திற என்பாள். அடம் பிடிக்கிற ஆள் நான்தான். "இவர் சொன்ன பேச்சு கேக்கல. இவருக்கு டிஸ்சார்ஜ் கிடையாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். விடுதிச் சமையலறையே சிரித்தது. இவ்வளவுதான் கதை.

உன் வீட்டிலிருந்து கிளம்பினவன் நேரே ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கால் விடுதிக்குப் போய்விட்டது. சமையலறையில் ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மகனுக்கு அன்று ஆபரேஷனாம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். பிஸ்கட் கொடுத்தேன். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு" என்றேன். கதை முழுவதும் சொன்னேன். அவர் சிரித்தார், அக்கா. ரயிலை விட்டுவிட்டு, ஆபரேஷன் முடிகிற வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன். பையன் நன்றாக இருக்கிறான்.

வீட்டுக்கு வந்து இவளிடமும் சொன்னேன். அவளிடம் எனக்குத் தெரியாத வேறு கதைகள் இருந்தன. இருவரும் பேசிப் பேசி அடுப்பில் வைத்த பால் தீய்ந்துபோயிற்று.

உன் தம்பி