தெற்கத்தி நாய்க்கு வடக்கத்தி வார்த்தை

அன்புள்ள அம்மாவுக்கு நெரிஸ் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று நான் வேலை செய்யும் இந்தத் தெற்கத்திப் பண்ணையில் கறுப்பு மாடுகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு சதுப்பு நிலத்தை நோக்கி ஓடின. பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. மோட் என்ற மந்தை நாயை, நம் வடக்கில் 'வா' என்பதற்குச் சொல்கிற மாதிரி, "டிர்ட், டிர்ட்" என்று கூப்பிட்டேன். அது என்னை வேடிக்கை பார்த்தது.

பண்ணைக்காரர் எம்லின் கத்தினார்: "ஏம்மா வடக்கத்திக்காரி, எங்க ஊரு நாய்க்கு அதெல்லாம் புரியுமா? இங்க 'வா'ன்னா 'டேரே'. அப்படிக் கூப்பிடு!"

கூப்பிட்டேன், பாய்ந்து வந்தது. குரைத்தே மந்தையைத் திருப்பிவிட்டது. அப்பாடா! ஒரு கன்றுகூடச் சேற்றில் இறங்கவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு தடவை 'டிர்ட்' என்று கூப்பிடுங்கள். வர முடியாவிட்டாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அதோ, எம்லின் 'டேரே' என்கிறார். என்னைத்தான்.

நெரிஸ்