மூன்றாம் நபர்

தொப்பூர், 12.7.86

என் வீட்டுக்காரிக்கு, ஸலாம்.

பொம்மிடியில் உன் அம்மாவுக்குக் கால்வலி தேவலையா? இங்கே ஹோட்டலை மறுபடி திறந்துவிட்டேன். டீ பாய்லரைச் சுவரோரம் தள்ளி, சுற்றிலும் கம்பி அடைத்திருக்கிறேன். லாரிக்காரர்கள் வழக்கம்போல வருகிறார்கள்.

நேற்று இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மாதையன் வந்தார். நம் கடையில் மூன்றாம் நபருக்கு அடிபட்டால் கம்பெனி நஷ்டஈடு கொடுக்குமாம். நான் ஒன்று, நீ இரண்டு என்று மனசுக்குள் எண்ணிவிட்டு, "அப்ப எங்க பாப்பா மூணாவதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இல்லீங்க பாய். கம்பெனி ஒண்ணு, நீங்க ரெண்டு. மூணாவதுன்னா வெளியாளுங்க. பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் உங்களோட சேர்த்திங்க."

மறுபடி பேனாவை எடுத்து, "இதுக்கு முன்னாடி இங்க யாருக்காச்சும் அடிபட்டிருக்குதுங்களா? எழுதணும்" என்றார்.

"வெளியாள் யாருக்கும் இல்லீங்க" என்றேன். அவர் நிமிராமல் அப்படியே எழுதிக்கொண்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பாப்பா நம்மை விட்டுப்போன நாற்பதாம் நாள் ஓதும் ஃபாத்திஹாவுக்காவது நீ வர வேண்டும். வெளியாள் யாரையும் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்