மடியில் ஒரு தலையணை

வேங்கிக்கால்
14.6.2003

அன்பு அண்ணனுக்கு மதி எழுதுவது.

அம்மா, அப்பா, உன் மாப்பிள்ளை, ஒன்றேகால் வயது சிந்துஜா எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஐந்து வருடமாக "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறேன்" என்று ஒரே வரிதான் எழுதுகிறாய். ராஜாவுக்கு ஊர்ப்பக்கம் வர வழி தெரியவில்லை போல.

கடை திறந்து பத்து நாள் ஆகிறது. கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் 'சிந்து டிசைன்ஸ்' என்று போர்டு மாட்டியாகிவிட்டது. அப்பா அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வாழைத்தார் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "மனு டைப் அடிச்சுத் தரப்படும்னு போட்டா நாலு பேரு வருவான். டிசைன்னா யாரு வருவா?" என்று கேட்டார். யார் வருகிறார்கள் என்று காட்டுகிறேன்.

நீ அனுப்பிய சிடி வந்தது. மார்க்கர் பேனாவில் 'போட்டோஷாப்' என்றும், அதன் கீழே ஒரு நீளமான நம்பரும் எழுதியிருந்தாய். யாரோ வாங்கியதை நகல் எடுத்திருக்கிறாய் என்று பார்த்ததும் தெரிந்தது. கோபித்துக்கொள்ளாதே அண்ணா, அதை நான் போட மாட்டேன். நல்ல சாமான்தான், கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் அதில்தான் கை பழகினேன். ஆனால் முதல் கடையை அடுத்தவன் சாமானில் தொடங்க மனசு வரவில்லை. முறையாக வாங்கவும் இப்போது முடியாது. என் பழைய கம்ப்யூட்டரில் அது மூச்சு வாங்கும் என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் 'கிம்ப்' என்று ஒன்று கிடைத்தது. அதுவும் படம் திருத்துகிற சாமான்தான். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு நிஜ வேலையை அதில் செய்து பார்க்கப்போகிறேன். தேறினால் அதுதான். தேறாவிட்டால் சொல்கிறேன், சிரித்துக்கொள்.

உன் பிடிவாதக்காரத் தங்கை,
அறிவுமதி


ஷார்ஜா
3.7.2003

மதிக்கு அண்ணன் இளஞ்செழியனின் ஆசிகள்.

கடைக்கு வாழ்த்து. சிடிக்குத் திட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் நானும் பதிலுக்குத் திட்டத்தான் போகிறேன். இந்தப் பிரஸ்ஸின் டிசைன் அறையில் நாலு வருடமாக மௌஸைப் பிடித்துக்கொண்டிருப்பவன் சொல்கிறேன், கேள். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக ஒரு சாமானை எடுக்காதே. உனக்கு எந்த வேலை வரும் என்று பார்த்து எடு. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அச்சுக்குப் போகும்போது படத்தை நாலு வண்ணமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நீ சொல்லும் கிம்ப் அதைச் செய்யாது. பிரஸ்காரர் படத்தைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வாய்?

நீ கேட்க மாட்டாய். சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேனே. அதனால் எந்தச் சாமானுக்கும் பொருந்துகிற பாடத்தை மட்டும் சொல்லிவைக்கிறேன். அசல் படத்தில் கை வைக்காதே, நகலில் வேலை செய். ஓர் இடத்தை மறைக்க வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது, எடுத்த இடத்தில் அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஒரே மச்சம் இரண்டு கன்னத்திலும் இருந்தால் பார்க்கிறவன் பிடித்துவிடுவான். தொழிலில் எனக்குத் தெரிந்ததே இவ்வளவுதான்.

சிந்துஜாவின் போட்டோ அனுப்பு. எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறேன்.

அண்ணன்


வேங்கிக்கால்
17.8.2003

அண்ணா,

தேறிவிட்டது! இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்க என்னால் முடியவில்லை.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு இந்தப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் சக்கரபாணி ஒரு நோட்டீஸ் கேட்டார். மொட்டை மாடியிலிருந்து அவரே எடுத்த மலைப்படம். மலைக்குக் குறுக்கே ஏழு கரண்டு கம்பி. "கம்பி இல்லாத மலை வேணும்மா, வெள்ளைக்காரங்க பாக்கறது" என்றார். உட்கார்ந்தேன். கிம்ப்பில் ஒவ்வொன்றும் தனித்தனி ஜன்னலாகத் திறக்கிறது. படத்தின் மேலேயே மௌஸின் வலது பக்க பட்டனை அழுத்தினால்தான் மெனு வருகிறது. முதல் நாள் அழுகை வந்தது. இரண்டாம் நாள் கம்பியெல்லாம் போய்விட்டது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். சக்கரபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, இந்த மேகம் அங்கயும் இருக்குதே. ஜெராக்ஸா?"

நீ சொன்ன மச்சக் கதைதான்! வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாள் முழுக்க உட்கார்ந்து மேகத்தை மாற்றினேன். ஆயிரம் நோட்டீஸ் அச்சாகிவிட்டது. நாலு வண்ணமாகப் பிரிப்பதை வேலூர் பிரஸ்காரரே செய்துகொண்டார். பச்சை கொஞ்சம் கம்மியாக விழுந்தது. அடுத்த தடவை நானே முன்கூட்டிக் கூட்டிவைப்பேன். ஆக, என் கடைக்குச் சாமான் கிம்ப்தான். இனி இதில் பேச்சில்லை.

இப்போது பெரிய விஷயம். சிந்துஜாவுக்குக் காது குத்தத் தேதி வைத்துவிட்டார்கள். தை பதினாறு, வெள்ளிக்கிழமை, ஜனவரி முப்பது. என் மாமியார் சரோஜா அத்தை ஊரையே கூட்டப்போகிறார். பத்திரிகையில் 'தாய்மாமன் இளஞ்செழியன் மடியில்' என்று நானே என் கையால் டைப் செய்தேன். அவளுக்கு நீ ஒருவன்தான் மாமன். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது நீ வரவில்லை. என் கல்யாணத்துக்கு வரவில்லை. குழந்தை பிறந்தும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் லீவு இல்லை என்றாய், நம்பினேன். இந்தத் தடவை நீ வந்தே ஆக வேண்டும்.

மதி


ஷார்ஜா
9.9.2003

அன்பு மதி,

ஜெராக்ஸ் மேகத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். நாலு வண்ண விஷயத்தில் நான் தோற்றேன் என்று எழுதித் தருகிறேன், கடையில் ஒட்டிவை.

காது குத்தலுக்கு வர முடியாது. ஜனவரியில் இங்கே ஆர்டர் ஜாஸ்தி, லீவு கிடைக்காது. கோபப்படாமல் மேலே படி.

ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அன்று மாப்பிள்ளை மடியிலேயே குழந்தையை வைத்துக் குத்திவிடுங்கள். போட்டோவில் மட்டும் என்னை உட்கார வை. உனக்குத்தான் படத்தின் மேல் படமாக அடுக்கும் லேயர் வேலையெல்லாம் கைவந்துவிட்டதே. பட்டு வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, அறை நண்பரை விட்டு ஒரு படம் எடுத்துச் சிடியில் அனுப்பியிருக்கிறேன். மடியில் குழந்தைக்குப் பதில் தலையணை. அதை எடுத்துவிட்டு சிந்துஜாவை வை. வெளிச்சம் இடது பக்கமிருந்து வருகிறது. அங்கேயும் போட்டோக்காரரை அதே மாதிரி எடுக்கச் சொல். நீ முடித்துக் கொடுத்தால் அம்மாகூடக் கண்டுபிடிக்க மாட்டாள். நாலு வருடம் போனால் எல்லோரும் நான் வந்ததாகவே நினைத்துக்கொள்வார்கள்.

கம்மல் ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறேன்.

அண்ணன்


வேங்கிக்கால்
12.10.2003

அண்ணா,

சிடி வந்து பதினைந்து நாள் ஆகிறது. உன் மேல் இருந்த கோபத்தில் முதல் வாரம் திறக்கவே இல்லை. அம்மா கடைக்கு வந்து "அவன் மூஞ்சியக் காட்டு" என்றதால் போட்டேன். இதுவரை நீ அனுப்பிய படமெல்லாம் தோள் வரைதான். முழு ஆளாக உன்னை இப்போதுதான் பார்க்கிறாள். "எளச்சிட்டான். தலகாணிய எதுக்குடி புடிச்சினு உக்காந்துகிறான்?" என்று கேட்டாள். உன் யோசனையைச் சொன்னேன். "செய்யி. படத்துலயாவது வரட்டும்" என்றாள்.

அவளுக்காகத்தான் தொடங்கினேன். சிந்துஜாவின் பழைய படம் ஒன்றை எடுத்து ஒத்திகை பார்த்தேன். தலையணையை வெட்டி எடுக்க, அதைப் பிடித்திருக்கும் விரல்களின் ஓரமாகவே போக வேண்டும். நானூறு சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு விரல் விரலாகப் போனேன். வலது கைச் சுண்டுவிரலின் அடியில் அந்தத் தழும்பு. கரும்புத் தோட்டத்தில் நான் அரிவாளை வீசி விளையாடியபோது பட்டது. அப்பா என்னை அடிக்க வந்தபோது "நானேதான் வெட்டிக்கினேன்"னு பொய் சொன்னாயே, அந்தத் தழும்பு. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு இடது கைக்குப் போனேன்.

இடது கையிலும் அதே தழும்பு இருக்கிறது அண்ணா.

நான் ஒரு தடவைதான் வெட்டினேன். இடது கையில் இருக்கும் சுண்டுவிரலும் மோதிர விரலும் இடது கை விரல்களே இல்லை. வலது கையைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கிறாய். நிழல், நகம், தோலின் நிறம் எல்லாம் அருமையாகச் சேர்த்திருக்கிறாய், வேறு யாரும் பிடித்திருக்க முடியாது. மச்சத்தைப் பார்த்துக்கொள் என்று எனக்குச் சொன்னவன் உன் தழும்பைப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு விரல் எங்கே? நான் யாரிடமும் சொல்லவில்லை. படத்தை அப்படியே நிறுத்திவிட்டேன். கார்த்திகை தீபத்துக்குள் பதில் வர வேண்டும். அதிலும் "ராஜா மாதிரி" என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

மதி


ஷார்ஜா
1.11.2003

மதி,

இங்கே வந்து எட்டாவது மாதம், 99 மார்ச்சில் நடந்தது. அப்போது நான் டிசைன் அறையில் இல்லை, பேப்பர் வெட்டும் மிஷினில் இருந்தேன். பேப்பர்க் கட்டை நேராக்கக் கையை உள்ளே விட்டேன், கத்தி இறங்கிவிட்டது. அவசரம் என்னுடையது. சுண்டுவிரல் முழுதும் மோதிர விரலில் பாதியும் போயின. முதலாளி நல்லவர், திருப்பி அனுப்பாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். மௌஸுக்கு வலது கை போதும். நான் தொழில் கற்றது இப்படித்தான்.

வீட்டுக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். "நெலத்த வுட்டுட்டு மிஷினாண்ட போறியா?"னு அப்பா கேட்டது ஞாபகம் வரும், பேனாவை மூடிவிடுவேன். பிறகு உன் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போடும்போது எல்லோரும் கையைத்தானே பார்ப்பார்கள். பயந்துபோய் வரவில்லை. ஒரு தடவை மறைத்துவிட்டால் அடுத்த தடவை சுலபமாகிவிடுகிறது. அந்தத் தழும்பு என் கண்ணில் படாமல் போயே எத்தனையோ வருடம் ஆகிறது.

இப்போது சபையில் கையை நீட்ட என்னால் முடியாது. குறை உள்ளவன் மடியிலா குழந்தைக்கு முதல் நகை என்று உன் மாமியார் வீட்டில் ஒருவர் முகம் சுளித்தால், அது சிந்துஜாவுக்குப் பேச்சு. கெஞ்சிக் கேட்கிறேன், தழும்பை எடுத்துவிட்டுப் படத்தை முடித்துக் கொடு.

செழியன்


வேங்கிக்கால்
24.11.2003

அண்ணா,

கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். ஷட்டரைத் தூக்கும்போது முடிவு செய்துவிட்டேன். அந்தப் படத்தை முடிக்க மாட்டேன். தழும்பை எடுக்க இரண்டு நிமிடம் போதும், என் கை இப்போது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் நீ வந்ததாக எல்லோரும் நம்பிவிட்டால் நீ வரவே மாட்டாய். அதை என் கையால் செய்ய மாட்டேன்.

வீட்டில் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா மோட்டார் போடப் போய்விட்டார். திரும்பி வந்து "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். இடது என்றேன். "சோறு துன்ற கை இருக்குதில்ல, வரச் சொல்லு" என்றார். ஐந்து வருடம் நீ பயந்தது இதற்குத்தான்.

சரோஜா அத்தையிடமும் சொன்னேன். நீ பயந்த மாதிரியே முகம் சுருங்கியது. "சபையில நாலு பேரு பேசுவாங்கம்மா. உங்க சித்தப்பா பையன உக்கார வெச்சிக்கலாமே" என்றார். "அப்ப காதே குத்த வேணாம் அத்தை. மூளியாவே வளரட்டும்" என்றேன். இரண்டு நாள் அடுப்படியில் பாத்திரம் மட்டும்தான் பேசியது. உன் மாப்பிள்ளை நடுவில் வராமல் பேப்பர் படித்தார். மூன்றாம் நாள் காலையில் காபியை நீட்டிக்கொண்டே அத்தை கேட்டார்: "உங்கண்ணன் டிக்கெட் போட்டுட்டாரா?"

ஜனவரி முப்பது. நீ வராவிட்டால் தேதியைத் தள்ளிவைப்பேன். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதானாலும் சரி, உன் மடியில்தான் குத்துவோம்.

அந்த ஒத்திகைப் படத்தில் உன் லேயருக்குப் பக்கத்தில் இருக்கும் கண் குறியை அணைத்துவிட்டேன். அணைத்தால் நீ மறைந்துவிடுகிறாய். சிந்துஜா மட்டும் மடி இல்லாமல் அந்தரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். தினமும் கடை திறந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். வந்துவிடு.

மதி


வேங்கிக்கால்
22.2.2004

அன்பு அண்ணாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்ததாக போன் வந்தது என்று அம்மா சொன்னாள். நீ இருந்த பன்னிரண்டு நாளில் அவளுக்கு இரண்டு கிலோ ஏறிவிட்டது, உனக்குப் போட்டதில் பாதியை அவள்தான் சாப்பிட்டாள். தீபாவளி லீவை இப்போதே கேட்டு வை.

காது குத்தல் போட்டோ இத்துடன் இருக்கிறது. அன்று நீ இடது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தாய், நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேர் குசுகுசுத்ததும் என் காதில் விழுந்தது. அத்தை அவர்களைப் பந்திக்கு விரட்டியதை நீ பார்த்திருக்க மாட்டாய். ஆசாரி ஊசியை எடுத்ததும் சிந்துஜா துள்ளினாளே, அப்போது துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் இரண்டு கையாலும் அவளை அணைத்துக்கொண்டாய். படம் அந்த நேரத்தில் எடுத்தது. கையைப் பார். உன் பாதி மோதிர விரலை அவள் உள்ளங்கைக்குள் இறுகப் பிடித்திருக்கிறாள். அவள் பிடிக்கு அது சரியாக இருக்கிறது அண்ணா.

அத்தைக்குத்தான் படத்தில் குறை. "பழத்தட்டு சாஞ்சிகினுது, நேராக்கு. என் கண்ணு மூடிகினுது, தொறந்து வுடு" என்று தினமும் கேட்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். தலையணைப் படத்தை அழித்தாகிவிட்டது.

இந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கடையில் மாட்டியிருக்கிறேன். நேற்று கல்யாணப் பத்திரிகைக்கு வந்த ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல என்ன டிசைன் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலங்க. எங்கண்ணன் வந்தாரு" என்றேன்.

மதி