ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்

மார்ச் 3, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார்கள். சொன்னார்கள், அவ்வளவுதான். கடிதம் கைக்கு வரும்வரை இதை நம்புவதாக இல்லை.

வங்கியின் உள் தணிக்கைப் பிரிவு. இன்று மூன்றாம் சுற்று. ஒரு கட்டு பழைய பில்களைக் கொடுத்து, தப்பு எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஏழு தப்புகளை அவர்களே ஒளித்து வைத்திருந்தார்களாம். நான் எட்டு சொன்னேன். கிளைகளில் ஏ.சி. பழுதுபார்த்தவர், ஜெனரேட்டர் பார்த்தவர், கண்ணாடி துடைத்தவர் எல்லோருக்கும் பில் வந்து மூன்று மாதம் கழித்துத்தான் பணம் போயிருக்கிறது. அதுதான் என் எட்டாவது.

தலைமைத் தணிக்கையாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அது தப்பு இல்லம்மா. அது நம்ம பாலிசி."

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஒன்பது மாதமாகச் சம்பளம் இல்லாதவள் வேறென்ன செய்வாள்?

வெளியே வந்ததும் மனிதவளப் பிரிவில் இருக்கும் பெண் சொன்னாள்: "பின்னணிச் சரிபார்ப்பு ஒண்ணு பாக்கி இருக்கு மேடம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

மார்ச் 5, வியாழன்

செருப்புக் கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். கடிதம் வரட்டும்.

மார்ச் 11, புதன்

மனிதவளப் பெண் கூப்பிட்டாள். குரலில் முந்தைய குழைவு இல்லை.

"மேடம், உங்க கடன் ரிப்போர்ட்ல கொஞ்சம் சிக்கல் இருக்கு."

"எனக்குக் கடனே இல்லையேம்மா."

"தாமதம் நெறைய காட்டுது மேடம்."

எனக்கா? தவணையில் ஒரு மின்விசிறிகூட வாங்கியதில்லை. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டு வந்தவர்களை எல்லாம் வாசலோடு அனுப்பியவள். காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசோதித்தேன். அடுத்தவர்களுடைய தாமதங்களைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். வேறு யாருடைய அறிக்கையோ மாறி வந்திருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு வேன் ஞாபகம் வந்தது.

மார்ச் 12, வியாழன்

என் அறிக்கையை நானே பணம் கட்டி வாங்கினேன். தம்பி வேன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடன் என் பெயரிலும் ஏறியிருக்கிறது. மாதத்துக்கு ஒரு கட்டம். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. யாரோ உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியது போல.

மாலை அவனுடைய பட்டறைக்குப் போனேன். குளிர்பதனப் பெட்டி ஒன்றைக் குப்புறக் கவிழ்த்து அதன் முதுகைக் குடைந்துகொண்டிருந்தான்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம வந்திருக்கே. ஃப்ரிட்ஜ் போச்சா?"

"வேன் தவணையை ஒழுங்கா கட்டுறியா இல்லையா?"

"ஒரு பைசா பாக்கி கிடையாது. வேணும்னா ரசீதைப் பாரு."

கம்பியில் குத்தி வைத்திருந்தான். எல்லாம் இருந்தது. ஆனால் இரண்டிரண்டு ரசீதுகள் ஒரே தேதியில். ஒரு மாதம் ஒன்றுமில்லை, அடுத்த மாதம் இரண்டு.

"இது என்னடா?"

"நான் ஏ.சி. பார்க்கற அந்தப் பெரிய ஹோட்டல்காரன் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதானே செக் கொடுப்பான். வாங்கின கையோட நேரா போய் ரெண்டு தவணையும் சேர்த்துக் கட்டிட்டுத்தான் வீட்டுக்கே போவேன். லேட் ஆனதுக்கு அபராதமும் சேர்த்துக் கட்டிடுவேன். நான் யாரையும் ஏமாத்தலையே."

"இது தப்புன்னு யாரும் உன்கிட்ட சொல்லலையா?"

"தப்பா? அங்க கவுன்ட்டர்ல இருக்கறவரு என்னைப் பார்த்தா டீ சொல்லுவாரு. 'உங்களை மாதிரி கஸ்டமர் கிடைக்கணுமே'ம்பாரு."

சொல்லாமல் இருப்பாரா? ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் தவறாமல் அபராதம் கொண்டுவந்து கொட்டுகிறவனுக்கு டீ என்ன, பன்னே வாங்கித் தரலாம்.

விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

"எனக்குத் தெரியாதுக்கா."

அவனுக்குத் தெரியாது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. தெரிந்து செய்திருந்தால் ஆசை தீரத் திட்டியிருப்பேன்.

மார்ச் 14, சனி

ரேடியோ போன் செய்தாள். பழைய அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி. வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர்.

"ஏண்டி, கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்களேடி."

"வங்கி. பணம் புழங்குற இடம். விசாரிக்கத்தான் செய்வாங்க."

"அவங்க பக்கமே பேசு. வேலை இல்லேன்னா கடன் கட்ட முடியாது, கடன் கட்டலைன்னா வேலை கிடையாது. இந்த ரூலை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…"

கிடைத்தால் என்ன செய்வாள் என்பதை இங்கே எழுத முடியாது. கடைசியில் சொன்னாள்: "உன் கையெழுத்துக்கு இவ்வளவு மவுசு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நானும் ஒண்ணு வாங்கி வச்சிருப்பேன்."

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. சேமிப்பு ஆகஸ்ட் வரை வரும். கையை இறுக்கினால் செப்டம்பர்.

மார்ச் 17, செவ்வாய்

விளக்கக் கடிதம் எழுதி, ரசீதுகளின் நகல்களை இணைத்து, நேரில் கொண்டுபோனேன். மனிதவளப் பெண்ணுக்கு மிஞ்சினால் இருபத்தாறு வயது இருக்கும். கடிதத்தை முழுக்கப் படித்தாள். அதற்கு நன்றி.

"நீங்க எழுதியிருக்கறது எல்லாம் புரியுது மேடம். ஆனா ரெண்டு வருஷத்துல மூணு தாமதத்துக்கு மேல இருந்தா சிஸ்டம் ஏத்துக்காது."

"சிஸ்டம்னா யாரு?"

யோசித்தாள். "சிஸ்டம்தான் மேடம்."

"பணம் பாக்கி இல்லையேம்மா. எங்கே பாக்கி? காட்டு."

"பாக்கி வேற, தாமதம் வேற மேடம்."

பிறகு குரலைத் தாழ்த்தி, ஜாமீனிலிருந்து விலகி, கடன் கொடுத்த நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் மேலே பேசிப் பார்க்கலாம் என்றாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை நேரம். நல்ல பெண். என் மேல் இரக்கப்படுகிறாள். இந்த வயதில் அதையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 18, புதன்

கடன் நிறுவனம். டோக்கன், நாற்காலி, சுவரில் சிரிக்கும் குடும்பத்தின் படம். டீ வாங்கிக் கொடுப்பவரை இன்றுதான் பார்த்தேன். எனக்கு வாங்கிக் கொடுக்கவில்லை.

நான் விலக வேண்டுமானால் மாதச் சம்பளம் வாங்கும் வேறொருவர் ஜாமீன் போட வேண்டும். இல்லையென்றால் கடனை முழுசாக அடைக்க வேண்டும். "நீங்க இப்ப சம்பளம் வாங்குறீங்களா மேடம்?" என்று வேறு கேட்டார். இல்லை என்றதும் என் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அது என்ன நிறமோ.

"நான் விலகினா பழைய சிவப்பெல்லாம் போயிடுமா?"

"அது போகாது மேடம். சில வருஷம் இருக்கும். இனிமே வராது, அவ்வளவுதான்."

மார்ச் 20, வெள்ளி

தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். உட்காரும் முன்பே அவன் சொன்னான்: "வேனை வித்துடறேன்க்கா. ஆள் பார்த்துட்டேன். கடனை அடைச்சுடலாம்."

அவள் வாசலிலேயே நின்றாள். "வேன் இல்லாம கம்ப்ரஸரை எல்லாம் இவரு தலையில தூக்கிட்டுப் போவாரா அண்ணி? நீங்களே சொல்லுங்க."

"நான் விக்கச் சொன்னேனா?"

"சொல்லல. ஆனா நாலு நாளா இவரு சாப்பிடல."

"நானும்தான் சாப்பிடல. அதை எந்த ரிப்போர்ட்ல போடுவாங்க?" என்று கத்திவிட்டேன். குழாய் சொட்டுவது கேட்டது. அவள் போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

"வேனை வித்துட்டு அடுத்த மாசம் எதை வச்சுடா சாப்பிடுவே?" என்றேன், கொஞ்சம் தணிந்து.

"உன்னை வச்சுத்தான். நீதான் பேங்க்ல வேலைக்குப் போயிடுவியே."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதனால்தான் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கொஞ்சம் தாமதமாக.

விற்க வேண்டாம், நான் ஒருமுறை பேசிப் பார்க்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். யாரிடம் பேசுவேன்? எனக்கே தெரியாது. எட்டு வயது இளையவன். படி, படி என்று நான்தான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவன் படிக்கவில்லை, பட்டறை வைத்தான். படித்த என்னைவிட ஒழுங்காகச் சம்பாதித்தான். அந்தக் கையெழுத்தைப் போட்டபோது எனக்கு ஒரு நொடிகூடக் கை தயங்கவில்லை. இப்போதும் தயங்காது என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தாலும் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

மார்ச் 23, திங்கள்

தலைமைத் தணிக்கையாளரைப் பார்க்கக் கேட்டேன். மேலே வரச் சொல்லவில்லை. அவரே வரவேற்பறைக்கு இறங்கி வந்தார். அதிலிருந்தே தெரிந்துவிட்டது.

"பத்து வருஷத்துல அந்தப் பில் கட்டைப் பார்த்து எட்டுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தாம்மா."

"அந்த எட்டாவதுதான் சார் என் பிரச்சினை. ஒரு பெரிய ஹோட்டல் என் தம்பிக்கு ரெண்டு மாசம் கழிச்சுப் பணம் கொடுக்குது. அது பாலிசி. அதனால அவன் ஒரு மாசம் தள்ளிக் கட்டுறான். அது குற்றம். அந்தக் குற்றம் அவன்கிட்டகூட நிக்கல சார், என்கிட்ட வந்துடுச்சு."

எப்படித்தான் பேசினேனோ. குரலை உயர்த்தவில்லை. கை மட்டும் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார். "நீங்க சொல்றது சரிதான். ஆனா மாத்தற இடத்துல நான் இல்லையேம்மா."

மாற்றுகிற இடம் எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். பேருந்தில் ஏறிய பிறகுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 27, வெள்ளி

மின்னஞ்சல். நான்கு வரி. கடைசி வரியில் என் எதிர்காலத்துக்கு வாழ்த்து.

மார்ச் 28, சனி

துணி துவைத்தேன். துவைத்ததையும் எடுத்து மறுபடி துவைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டியது.

தம்பி எப்போதும் ஒரே ஒரு தவணைதான் பின்னால் இருந்திருக்கிறான். வேன் வாங்கிய நாளிலிருந்து அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டே இருக்கிறான். எட்டிப் பிடித்ததும் அடுத்த மாதம் பிறந்துவிடுகிறது. ஒரே ஒரு தவணைப் பணம் தனியாக ஓரத்தில் இருந்திருந்தால் ஒரு சிவப்புக் கட்டம்கூட விழுந்திருக்காது. இத்தனைக்கும் காரணம் அந்த ஒன்று.

சேமிப்பிலிருந்து ஒரு தவணைப் பணத்தை எடுத்து, கவரில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "இதுல இந்த மாசத்துது கட்டு. ஹோட்டல்காரன் ரெண்டு மாசப் பணம் கொடுத்ததும் அந்த மாசத் தவணையைக் கட்டிட்டு, மிச்சத்துல இந்தக் கவரை நிரப்பி வை. இதை வேற எதுக்கும் தொடக் கூடாது."

"உனக்கே வேலை இல்லையேக்கா."

"அதனாலதான் சொல்றேன். தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

வாங்கிக்கொண்டான். வேனுக்கு முன்பணம் கொடுத்தவனிடம் அதை நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். என்னிடம் கேட்காமலே. நல்லது.

செப்டம்பர் இனி இல்லை. ஆகஸ்டும் கொஞ்சம் இழுபறி.

ஏப்ரல் 16, வியாழன்

இன்னொரு காப்பீட்டு நிறுவனம். விண்ணப்பத்தில் நிதிப் பின்னணி பற்றித் தனிப் பக்கமே இருந்தது. மறைக்காமல் எழுதி அனுப்பினேன். இரண்டே நாளில் வாழ்த்து வந்தது. நேற்று ஒரு கிடங்கு. சாவிக்கொத்தும் சாமான் பதிவும் மட்டும்தான் வேலை, அவர்களும் கடன் அறிக்கை கேட்கிறார்கள். சாவி பிடிக்கவும் என் தம்பியின் ஹோட்டல்காரன் நேரத்தோடு பணம் கொடுக்க வேண்டுமாம்.

மே 5, செவ்வாய்

ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவு. கேட்பதற்கு முன்பே அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தேன். மேலாளர் அதன் மேல் தன் டீ டம்ளரை வைத்தார்.

"இதெல்லாம் எதுக்கும்மா? எப்ப வர முடியும்?"

பழைய சம்பளத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. நாளைக்கே வருகிறேன் என்றேன்.

ஜூன் 8, திங்கள்

தம்பியிடமிருந்து ரசீதின் படம். கீழே ஒரு சொல்: "கட்டிட்டேன்." போன மாதமும் இப்படித்தான். ஏப்ரலிலும். சரி என்று மட்டும் பதில் போட்டேன்.

பழைய சிவப்புக் கட்டங்கள் அங்கேயேதான் இருக்கின்றன. அவை என்னை விட்டுப் போவதற்குள் எனக்கு ஐம்பது தாண்டிவிடும். அதன் பிறகு எந்த வங்கி கூப்பிடப் போகிறது?

ஜூலை 9, வியாழன்

புதிய வேலையில் எனக்குத் தனி அலமாரி கொடுத்துவிட்டார்கள். வெளியாட்களின் பில்கள் எல்லாம் அதில்தான். லிஃப்ட் பார்ப்பவர், சலவைக்காரர், ஆக்ஸிஜன் குழாய் பார்ப்பவர், ஏ.சி. மெக்கானிக் ஒருவர். அவர் என் தம்பி இல்லை. கையெழுத்து மட்டும் அவனுடையதைப் போலவே கோணல்.

மேல் தட்டில் பழைய ஆள் ஒட்டி வைத்த சீட்டு: அறுபது நாள் ஆனபின் அனுப்பவும்.

"யார் போட்ட ரூல் சார் இது?" என்று மேலாளரிடம் கேட்டேன்.

"ரூலா? எனக்கு முன்னாடியிலேருந்தே அப்படித்தான் நடக்குது. ஏம்மா?"

"பணம் கணக்குல சும்மாத்தானே கிடக்குது."

"கிடக்கட்டுமே. நமக்கென்ன?" என்று போனை எடுத்துக்கொண்டார்.

மதியம் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எட்டு பில்களில் தப்பு இல்லை. வந்து இரண்டு வாரம்கூட ஆகாதவை. ஒன்றாக அடுக்கி, காசோலைகளை மேலே வைத்து, அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். ஏன், எதற்கு என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று படியிறங்கும்போதே யோசித்து வைத்திருந்தேன். நன்றாகவே யோசித்திருந்தேன்.

அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே எட்டிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.