பஸ் நிலையம் கேட்ட விண்ணப்பம்

மேலக்கரை
3.2.1997

அன்புள்ள சாம்பு,

நீயும் ஜயலக்ஷ்மியும் ஹம்ஸினியும் சுகம்தானே? பாளையங்கோட்டைக்குப் போனதும் ஊரையே மறந்துவிட்டாய். பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

நம் வாலிபால் திடலில் பேரூராட்சி பஸ் நிலையமும் கடைகளும் கட்டப் போகிறது. ஆட்சேபித்து மனுப் போட்டேன். அவர்கள் நம் 1981 விண்ணப்பத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். 'பஸ் நிலையத்துக்கு இடத்தைச் சீர் செய்து தரவும்' என்று கிளப் செயலாளராக நான் போட்ட கையெழுத்து. அதை எழுதியதும், 'பஸ் நிலைய இடம்' என்று பதிவேட்டில் ஏற்றியதும் அன்று பேரூராட்சியில் கிளார்க்காக இருந்த நீ. "திடலுன்னு எழுதுனா உடங்காட்டு முள்ளை வெட்ட வண்டி தர மாட்டான், பஸ் ஸ்டாண்டுன்னு போடுலே" என்று நீ சிரித்தது மறக்குமா?

24ஆம் தேதி விசாரணை. வந்து நடந்ததைச் சொல். இப்போது நாற்பது பெண் பிள்ளைகள் அங்கே ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஊரில் வேறு இடம் இல்லை.

உன்,
தேவா

பாளையங்கோட்டை
9.2.1997

அன்புள்ள தேவா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜூன் முப்பதில் எனக்கு ஓய்வு. பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதினேன் என்று நானே சொன்னால், ஓய்வு பெறும் அன்று சாயங்காலம் மாலைக்குப் பதில் சஸ்பெண்ட் உத்தரவைத்தான் கையில் கொடுப்பார்கள். எங்கள் ஆபீஸ் பிச்சைக்கண்ணு அண்ணாச்சிக்கு அப்படித்தான் நடந்தது. ஆறு வருஷமாக விசாரணைக்கு நடையாய் நடக்கிறார். இங்கே ஹம்ஸினிக்கு ஆவணியில் முகூர்த்தம் பார்த்திருக்கிறோம்.

என்னால் வர முடியாது. இன்னொன்றும் கேட்கிறேன், திட்டிக்கொள். என் பெயரையும் சொல்லாதே. "அவரு உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டாரு" என்கிறாள் ஜயலக்ஷ்மி. நானும் அதையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் சாம்பு

மேலக்கரை
25.2.1997

சாம்பசிவத்துக்கு,

விசாரணை முடிந்தது. கையெழுத்து என்னுடையதா என்றார் அதிகாரி. ஆமாம் என்றேன். எதற்காகப் பஸ் நிலையம் கேட்டீர்கள் என்றார். காரணத்தைச் சொன்னால், பதிவேட்டில் ஏற்றியது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. "பஸ் ஸ்டாண்டு வேணும்னுதான் கேட்டோம்" என்றேன். பேரூராட்சித் தலைவர் என் தோளில் தட்டி, "பொறவு எதுக்கு வே மனு?" என்று சிரித்தார். மனுவை அங்கேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இன்று காலை திடலில் கம்பங்களைப் பிடுங்கினார்கள். நெட்டைச் சுருட்டி என்னிடம் கொடுத்த கேப்டன் ஜாய்சி, "சார், நெசமாவே நீங்கதான் கேட்டீங்களா?" என்றாள். அவளிடமும் ஆமாம் என்றேன். இனி ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் வணக்கம்கூடச் சொல்லாமல் போனார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ வராததற்கு இல்லை, அது எனக்குப் புரிகிறது. முடியாது என்று சொல்ல எனக்கு வராது என்று தெரிந்தே கேட்டாயே, அதற்கு. உன் பெயர் எங்கேயும் வராது. நிம்மதியாக ஓய்வு பெறு. எனக்கு இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
த. தேவசிகாமணி
உடற்கல்வி ஆசிரியர்