உன் அண்ணன் ஆமென் சொன்ன நாள்

மச்சாள்,

அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்டால் இப்போதும் பிசகாமல் சொல்லுவேன். கட்டிலில் உன் அண்ணன், என் மனிசன். கால்மாட்டில் என் மகள் யூனிஸ். கதவோரம் எங்கள் மெதடிஸ்தக் கோயில் போதகர். தலைமாட்டில் உன் ஜெபவீட்டுப் பாஸ்டர். அவருக்குப் பின்னால், அவரோடு கூட வந்த உன் சபைக்காரி பாக்கியம். நடுவில் நீயும் நானும்.

இன்றைக்கு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது நீ ஜெபத்துக்குப் போடும் வெள்ளை முக்காடு கையில் வந்தது. இன்னும் உன் தைல மணம். அதை மூக்கில் வைத்தபடி அப்படியே குந்திவிட்டேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, எழுத்தும் கோணல். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க ஏலாது.

உன் மகனைக் கடல் கொண்டுபோன பிறகுதான் நீ எங்கள் கோயிலை விட்டு, வாவிக்கு அக்கரை ஜெபவீட்டுக்குப் போனாய். அங்கத்தை வழக்கப்படி காதுத் தோட்டையும் கழற்றி வைத்தாய். ஏன் கா என்று கேட்டதற்கு, "அழ வார்த்தை இல்லாமப் போச்சு மச்சாள். அங்க எனக்கு வேற பாஷை வந்திச்சு" என்றாய்.

ஆவி இறங்கி, யாருக்கும் விளங்காத சொல்லில் ஜெபிக்கிற அந்த அந்நிய பாஷை எங்கள் போதகருக்குப் பிடிக்காது. அர்த்தம் சொல்ல ஆளில்லாத சத்தம் சபைக்கு எதற்கு, பவுலே வேதத்தில் எழுதியிருக்கிறார் என்பார். உன் பாஸ்டரோ, அந்நிய பாஷை வராதவனுக்குள் ஆவியானவர் இன்னும் வரவில்லை என்பார். இரண்டு பேர் கக்கத்திலும் இருந்தது ஒரே வேதப்புத்தகம்.

நிலவில் வாவிக்குள் மீன் பாட்டுக் கேட்கிற எங்கள் ஊரில் உன் அண்ணனுக்கு எல்லாம் பகிடி. "வாவியில மீன் பாடுறதும் விளங்கல்ல, என்ட தங்கச்சி ஜெபிக்கிறதும் விளங்கல்ல."

"மீன் என்ன உங்களுக்காகவா அண்ணன் பாடுது?" என்று நீ திருப்பிக் கொடுப்பாய்.

அந்த மனிசன் சாகக் கிடந்தபோது பகிடி போய்விட்டது. உன் பாஸ்டர் குனிந்து, "ஐயா, பாஷை அடையாளம் கிடைச்சிருக்கா? இப்பவாவது கேளுங்க. அது இல்லாமப் போகப்படாது" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் வாவிக் காற்றுக்குப் பயப்படாத மனிசன் பயந்து கட்டில் சட்டத்தைப் பிடித்தார். வாயை அசைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"தங்கச்சி, அப்ப எனக்குள்ள அவர் இல்லையா?"

போதகர் ஏதோ வாதிக்க வாயைத் திறந்தார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க ஐயா" என்றாய். பாஸ்டர் உன்னிடம், "பாஷையில ஜெபியுங்க சகோதரி, அவருக்கும் இறங்கும்" என்றார். "ம், தொடங்குங்கக்கா" என்று பாக்கியம் பின்னால் நின்று அவசரப்படுத்தினாள்.

நீ கண்ணை மூடினாய். உதடு துடித்தது. பாஷை வாய் வரை வந்ததை நான் கண்டேன். நீ அதை விழுங்கினாய். மறுகா அவர் கையைப் பிடித்து, நம்முடைய சாதாரணப் பேச்சில் ஜெபித்தாய்.

"ஆண்டவரே, இது என்ட அண்ணன். அப்பா போன பிறகு தோணி தள்ளி எங்களுக்குச் சோறு போட்டவர். கோபக்காரன்தான், வஞ்சகம் இல்ல. நீர் உள்ளுக்கு இல்லாமலா இவர் பிடிச்ச மீனில முதல் பங்கை விதவை வீட்டில குடுத்திட்டு வருவார்? இவரைப் பயப்பட விடாதேயும்."

"ஆமென்" என்றார் உன் அண்ணன். வாசலுக்குக் கேட்டது. அடுத்த நாள் பொழுது சாய, பயமில்லாத முகத்தோடு போனார்.

நீ ஜெபித்த அன்றே முற்றத்தில் பாஸ்டர் உன்னை மறித்தார். "ஏன் சகோதரி ஆவியை அடக்கினீங்க?"

"பாஷை எனக்கும் ஆண்டவருக்கும், பாஸ்டர். ஆமென் சொல்ல வேண்டியது அண்ணன். விளங்காததுக்கு அவர் எப்பிடிச் சொல்லுவார்?"

போதகர் தான் வென்றதுபோல் சிரித்தார். நீ அவரையும் விடவில்லை. "சிரிக்காதீங்க ஐயா. நாளைக்கும் நான் பாஷையிலதான் ஜெபிப்பன்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. படித்த இரண்டு பேருக்கு நடுவில் நின்றது என் மச்சாள்!

அதற்காக ஜெபவீட்டில் உன்னைக் கொஞ்சக் காலம் முன்னுக்கு ஜெபிக்க விடவில்லை. நீ கடைசிப் பாயில் இருந்து ஜெபித்தாய். போவதை மட்டும் விடவில்லை.

பிறகு பாரிசவாதம் வந்து உன் பேச்சே போய்விட்டது. கஞ்சி பருக்கும்போது ஒரு நாள் நீ யன்னல் பக்கம் பார்த்து ஏதோ சத்தம் எழுப்பிக்கொண்டே இருந்தாய். அது பாஷையா, நோயா? பாஸ்டருக்கும் தெரியாது, போதகருக்கும் தெரியாது. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உன் கையைப் பிடித்து ஆமென் சொன்னேன். சத்தம் விளங்கவில்லை. உன்னை எனக்கு விளங்கும்.

அந்தக் கிழமைதான் ஒருத்தி தோடம்பழத்தோடு பார்க்க வந்தாள். உனக்குக் கேட்காது என்று நினைத்து, "ஆவி குடுத்த பாஷையை அண்டைக்கு அடக்கினவ. அதான் ஆண்டவர் நாக்கையே எடுத்திட்டார்" என்றாள். உனக்குக் கேட்டது. கண்ணீர் வழிந்து, தோடில்லாத உன் காதுக்குள் இறங்கியது. அவளையும் தோடம்பழத்தையும் சேர்த்து வெளியே அனுப்பினேன்.

வாற ஞாயிறு உன் முக்காட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் கோயில் முன்வாங்கில் இருக்கப் போகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். போதகரை எப்போதோ மன்னித்துவிட்டேன். உன் சாவீட்டில் பிள்ளைபோல் அழுத பாஸ்டரையும் மன்னித்தேன். மன்னிக்கக் கணக்கு வைக்கக்கூடாது என்பதும் தெரியும். ஆனாலும் அந்த ஒருத்தியை ஏலாது மச்சாள்.

பாக்கியத்தை.