தங்கச்சி கல்யாணப் படத்தில் நானும்

அன்புள்ள அம்மாவுக்கு மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்காமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் எனக்குக் கோபம் வரும்.

நீங்கள் கேட்டபடியே தங்கச்சி கல்யாணப் படத்தில் என்னையும் சேர்த்துவிட்டேன். ஐந்து வருடம் முன்பு நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் எடுத்தோமே, அந்தப் படத்தைத்தான் கணினியில் குடும்பப் படத்தின் மேல் ஓர் அடுக்காக வைத்தேன். அதற்கு ஒரு மாஸ்க் போட்டால், கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும். பஸ்ஸை மறைத்தேன், கையிலிருந்த பையை மறைத்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில் நீங்கள் விட்டுவைத்திருந்த இடத்தில் நான் நின்றேன்.

நான் வேலை பார்க்கும் இந்த ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இறந்துபோனவர்களைத்தான் படத்தில் சேர்க்கச் சொல்வார்கள். முதலாளி என் பின்னால் வந்து திரையைப் பார்த்தார்.

"நல்லா பொருந்தியிருக்குப்பா. பாவம், சின்ன வயசு. எப்ப தவறினாராம்?"

"அது நான்தான் சார். அப்போ கொஞ்சம் குண்டா இருந்தேன்."

இருவரும் சிரித்தோம். அவர் போனதும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோருடைய நிழலும் தரையில் விழுந்திருந்தது, எனக்கு மட்டும் இல்லை. உடனே வரைந்து சேர்த்தேன்.

படத்தைச் சுவரில் மாட்ட வேண்டாம் அம்மா, ஆல்பத்திலேயே இருக்கட்டும். அலமாரியில் உள்ள என் சட்டைகளையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். தொளதொளவென்று இருந்தாலும் நானே வந்து போட்டுக்கொள்கிறேன்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்